ஸ்கேன் சுத்தம், வலி மட்டும் போகவில்லை

கேள்வி: எனக்கு 48 வயது. திண்டுக்கல் பக்கம் சிறிய ஊர். வீட்டில் தையல் மெஷின் போட்டு பிளவுஸ் தைத்துக் கொடுக்கிறேன். 16 மாதங்களுக்கு முன் இடது மார்பில் புற்றுநோய் என்று மார்பகத்தை முழுவதும் எடுத்து, அக்குளில் இருந்த நெறிகளையும் எடுத்தார்கள். அப்புறம் கீமோ, கதிர்வீச்சு எல்லாம் முடிந்தது. இப்போது நோய் திரும்பாமலிருக்கக் கொடுத்த டமாக்சிஃபென் 20 மாத்திரை மட்டும் தினமும் சாப்பிடுகிறேன். ஆபரேஷன் செய்த இடமும், அக்குளும், மேல்கையின் உள்பக்கமும் இன்னும் எரிகிறது. தொட்டால் மரத்துப்போன மாதிரி இருக்கிறது, ஆனால் பிளவுஸ் துணி உரசினால் தாங்க முடியவில்லை. சில நேரம் கரண்ட் அடித்த மாதிரி சுரீர் என்கிறது. ராத்திரி அந்தப் பக்கம் படுக்க முடியாது. கையையும் முழுதாகத் தூக்க வரவில்லை. டாக்டரிடம் சொன்னால், "ஸ்கேன் எல்லாம் சுத்தமா இருக்கும்மா, பெரிய ஆபரேஷன், கொஞ்சம் அப்படித்தான் இருக்கும்" என்கிறார். உயிரைக் காப்பாற்றியவரிடம் திரும்பத் திரும்பக் குறை சொல்லவும் கூச்சமாக இருக்கிறது. மருந்துக்கடையில் டைக்ளோஃபெனாக், பாராசிட்டமால் சேர்ந்த மாத்திரை வாங்கி தினமும் ரெண்டு போடுகிறேன். நோய் திரும்பி வந்துவிட்டதோ என்ற பயமும் இருக்கிறது. இதற்கு யாரைப் பார்க்க வேண்டும்?

பதில்:

அன்புள்ள சகோதரி,

உங்கள் கடிதத்தில் இரண்டு கேள்விகள் ஒன்றோடொன்று சிக்கிக் கிடக்கின்றன. நோய் திரும்பியிருக்கிறதா என்பது ஒன்று. இந்த வலி எதனால், எப்படிக் குறைப்பது என்பது மற்றொன்று. ஸ்கேன் பதில் சொன்னது முதல் கேள்விக்கு மட்டும்தான். அறுந்த நரம்பின் எரிச்சல் ஸ்கேனில் தெரியாது. உங்கள் டாக்டர் முதல் கேள்விக்குச் சரியான பதிலைத் தந்துவிட்டார். இரண்டாவது கேள்வியைத் தனியாக யாரும் எடுத்துப் பார்க்கவில்லை.

மார்பக அறுவை சிகிச்சைக்குப் பின் 3 மாதங்களைத் தாண்டியும் நீடிக்கும் வலி மருத்துவத்தில் நன்கு அறியப்பட்ட ஒரு நிலை. உலக சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியலில், 2022 முதல் நடைமுறைக்கு வந்த 11ஆம் பதிப்பில், அறுவை சிகிச்சைக்குப் பிந்தைய நாள்பட்ட வலிக்குத் தனி இடமே கொடுத்திருக்கிறார்கள். இந்த அறுவை சிகிச்சை செய்துகொண்ட பெண்களில் குறைந்தது ஐந்தில் ஒருவருக்காவது ஏதோ ஓர் அளவில் இது இருக்கிறது. அக்குள் நெறிகளை முழுதாக எடுத்தவர்களுக்கும், கதிர்வீச்சு பெற்றவர்களுக்கும், ஆபரேஷன் முடிந்த முதல் வாரத்தில் கடுமையாக வலித்தவர்களுக்கும் வாய்ப்பு கூடுதல். நீங்கள் சொல்வது கற்பனை இல்லை, சகிப்புத்தன்மைக் குறைவும் இல்லை.

நடந்தது இதுதான். நெஞ்சின் இரண்டாவது விலா எலும்புக்குக் கீழிருந்து கிளம்பி, அக்குளைக் குறுக்கே கடந்து, மேல்கையின் உள்பக்கத் தோலுக்கு உணர்ச்சி கொடுக்கும் ஒரு நரம்பு உண்டு. இன்டர்காஸ்டோபிரேக்கியல் நரம்பு என்பார்கள். பெயரை மறந்துவிடலாம், அது போகும் பாதையை நினைவில் வையுங்கள். நெறிகள் இருக்கும் கொழுப்புக்குள்ளேயே அது ஓடுவதால், நெறிகளைச் சுத்தமாக எடுக்கும்போது அது இழுபடும், நசுங்கும், சில நேரம் வெட்டவே வேண்டியிருக்கும். அறுந்த ஒயர் நுனியில் பொறி பறப்பதுபோல, அந்த நரம்பின் நுனி யாரும் தொடாமலே சிக்னல் அனுப்பிக்கொண்டிருக்கும். அந்தத் தொந்தரவு மாதக்கணக்கில் தொடர்ந்தால் தண்டுவடத்தில் உள்ள வலிப்பாதையும் கூர்மையாகிவிடும். அதனால்தான் ஒரே இடம் மரத்தும் இருக்கிறது, துணி உரசினால் எரியவும் செய்கிறது. "மரத்துப்போச்சுங்கிற, அப்புறம் எப்படி வலிக்கும்?" என்று வீட்டில் கேட்டிருப்பார்கள். இரண்டும் சேர்ந்து இருப்பதுதான் நரம்பு வலியின் அடையாளம்.

இதை நீங்களே ஓரளவு சோதித்துக்கொள்ளலாம். டி.என்.4 என்று வலி மருத்துவர்கள் பயன்படுத்தும் 10 கேள்விகள் இருக்கின்றன. எரிச்சல் உண்டா, வலிக்கும்படியான குளிர்ச்சி உண்டா, கரண்ட் அடிப்பதுபோல் உண்டா? அதே இடத்தில் ஊறல், ஊசி குத்தல், மரத்துப்போதல், அரிப்பு இவற்றில் எவை உண்டு? இது வரை 7. மீதி 3 தொட்டுப் பார்ப்பது: பஞ்சால் தொட்டால் உணர்ச்சி குறைவா, லேசாகக் குத்தினால் குறைவா, மெல்லிய பிரஷ்ஷால் வருடினால் வலி வருகிறதா அல்லது கூடுகிறதா? ஒவ்வொரு ஆமாவுக்கும் 1 மதிப்பெண். 4 அல்லது அதற்கு மேல் வந்தால் நரம்பு வலியாக இருக்க வாய்ப்பு அதிகம். கடிதத்தில் நீங்கள் எழுதியதை வைத்தே எரிச்சல், கரண்ட், மரத்தல், உரசல் என்று 4 வந்துவிடுகிறது. குத்திப் பார்க்கும் சோதனையை வீட்டில் செய்ய வேண்டாம். நெறி எடுத்த பக்கத்தில் தோல் கிழிந்தால் தொற்று எளிதாக வரும்.

ஆனால் எல்லா வலியையும் இந்த ஒரு நரம்பின் தலையில் கட்டிவிட முடியாது. கையைத் தூக்க முடியவில்லை என்று எழுதியிருக்கிறீர்களே, அது வேறு கணக்கு. வலிக்குப் பயந்து கையை நெஞ்சோடு அணைத்தே வைத்திருந்தால் நெஞ்சுத் தசை சுருங்கும், தோள்பட்டை முன்னோக்கி வளையும், மூட்டு இறுகும். கதிர்வீச்சு பட்ட தசையும் தோலும் சிகிச்சை முடிந்து பல மாதம் கழித்தும் மெல்ல மெல்ல இறுகக்கூடியவை. கையைப் பக்கவாட்டில் தூக்கும்போது அக்குளிலிருந்து முழங்கையை நோக்கிக் கயிறு போல ஏதாவது விறைத்துத் தெரிகிறதா பாருங்கள். நிணநீர்க் குழாய் இறுகியதால் வரும் கயிறு அது. பெரும்பாலும் ஆபரேஷன் முடிந்த முதல் சில வாரங்களில் தோன்றும், முறையாக நீட்டிப் பயிற்சி செய்தால் தளரும். அடுத்து, தழும்பின் மேல் விரல் நுனியால் மெதுவாகத் தட்டிக்கொண்டே போங்கள். ஒரே ஒரு புள்ளியில் மட்டும் சுரீரென்று பாய்ந்தால் அங்கே நரம்பு முடிச்சு இருக்கலாம். அந்தப் புள்ளியைப் பேனாவால் குறித்து டாக்டரிடம் காட்டுங்கள், ஏனென்றால் அதற்கு ஊசி மருந்து இருக்கிறது. இரண்டு கால் பாதங்களிலும் விரல்களிலும் ஊறல் இருந்தால் அது இந்த வலியே இல்லை. உங்களுக்குக் கொடுத்த கீமோவில் பாக்லிடாக்சல் இருந்திருந்தால் அதன் மிச்சமாக இருக்கலாம். அதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

கை கனமாக, இறுக்கமாக இருக்கிறதா? தையல் டேப் உங்கள் கையிலேயே இருக்கிறது. இரண்டு கைகளிலும் மணிக்கட்டு, முழங்கைக்கு 10 செ.மீ. கீழே, 10 செ.மீ. மேலே என்று மூன்று இடத்தில் சுற்றளவு எடுங்கள். ஒரே நேரத்தில், டேப்பை இழுக்காமல், தோலைத் தொடும் அளவுக்கு மட்டும். ஏதாவது ஓர் இடத்தில் இடது கை 2 செ.மீ. அல்லது அதற்கு மேல் பெருத்திருந்தால் நிணநீர் வீக்கம் என்று எடுத்துக்கொண்டு அதற்கான பிசியோதெரபியும் அழுத்த உறையும் பற்றிக் கேட்க வேண்டும். மாதம் ஒருமுறை இந்த அளவை எழுதி வைப்பது நல்ல பழக்கம்.

இனி பயத்துக்கு வருகிறேன். ஆபரேஷன் முடிந்ததிலிருந்து ஒரே இடத்தில், ஒரே தன்மையில், ஏறி இறங்கிக்கொண்டிருக்கும் எரிச்சல் நோய் திரும்பியதற்கான அறிகுறியாக இருப்பது அரிது. எது கவலைக்குரியது என்றால், புதிதாக வரும் வலி, புது இடத்தில் வரும் வலி, இரண்டு மூன்று வாரமாக நாளுக்கு நாள் ஏறிக்கொண்டே போகும் வலி. முதுகெலும்பிலோ விலாவிலோ இடுப்பிலோ ஒரு புள்ளியை அழுத்தினால் வலிப்பது, படுத்தால் கூடுவது, தழும்பில் புது முடிச்சு அல்லது செந்நிறத் தடிப்பு, கைவிரல்களில் பலம் குறைவது, காரணமில்லாமல் எடை குறைவது. இவற்றில் ஒன்று இருந்தாலும் அடுத்த செக்கப் தேதி வரை காத்திருக்காமல் ஒரு வாரத்துக்குள் புற்றுநோய் மருத்துவரைப் பாருங்கள்.

அன்றைக்கே ஓட வேண்டியவையும் உண்டு. முதுகு வலியோடு கால் தளர்வது, சிறுநீரோ மலமோ கட்டுப்பாட்டை மீறுவது. கை சிவந்து சூடாகி காய்ச்சல் வருவது. ஒரு கால் மட்டும் திடீரென வீங்கி வலிப்பது, அல்லது திடீர் மூச்சுத்திணறல். டமாக்சிஃபென் சாப்பிடுபவர்களுக்கு ரத்தம் உறையும் வாய்ப்பு சற்று அதிகம் என்பதால் இதைச் சொல்கிறேன். இன்னொன்று, உங்களுக்கு ஆபரேஷன் நடந்தது இடது பக்கம். நெஞ்சு அழுத்தம், வியர்வை, தாடைக்கோ கைக்கோ பரவும் வலி, நடந்தால் கூடி நின்றால் குறைவது என்று இருந்தால் "இது பழைய ஆபரேஷன் வலிதான்" என்று படுத்துவிடாதீர்கள். முதலில் இ.சி.ஜி.

மருந்துக்கடை மாத்திரை விஷயத்தில் கொஞ்சம் கண்டிப்பாகவே சொல்கிறேன். டைக்ளோஃபெனாக் வீக்கத்தால் வரும் வலிக்கானது. அறுந்த நரம்பு அனுப்பும் எரிச்சலை அது பெரும்பாலும் தொடுவதே இல்லை. அரைகுறையாகக் குறைவதுபோல் தெரிந்தால், அப்படிக் குறைவது தோள், தசை வலியாக இருக்கும். தினமும் இரண்டு என்று மாதக்கணக்கில் போனால் வயிற்றுப்புண், ரத்தக்கசிவு, சிறுநீரகப் பாதிப்பு, ரத்த அழுத்தம் எல்லாம் சத்தமில்லாமல் வரும். ஹீமோகுளோபின், சிறுநீரகம் எப்படி இருக்கிறது என்று காட்டும் கிரியேட்டினின், ரத்த அழுத்தம் மூன்றையும் இந்த வாரமே பாருங்கள். கிரியேட்டினின் அளவு வேறொரு காரணத்துக்கும் தேவை, கீழே வருகிறது. மலம் கறுப்பாகப் போனால் மாத்திரையை நிறுத்திவிட்டு உடனே டாக்டரிடம் போங்கள்.

நரம்பு வலிக்கு என்று மருந்துகள் இருக்கின்றன. சீட்டைப் பார்த்துப் பலர் மிரள்வதுண்டு, ஏனென்றால் ஒன்று மனச்சோர்வுக்கான மருந்து, இன்னொன்று வலிப்புக்கான மருந்து என்று கூகுளில் வரும். உங்களுக்கு அந்த நோய்கள் இருப்பதாக அர்த்தமில்லை. வலி சிக்னல் ஏறும் பாதையை இவை மட்டுப்படுத்துகின்றன, அவ்வளவுதான். அளவை டாக்டர்தான் முடிவு செய்ய வேண்டும். ஆனாலும் வழக்கமாக எப்படிப் போகும் என்று தெரிந்திருந்தால் நடுவில் கைவிட மாட்டீர்கள்.

அமிட்ரிப்டைலின் பெரும்பாலும் இரவு 10 மி.கி.யில் தொடங்கும். வாரம் ஒரு படியாக 25 வரை, தேவைப்பட்டால் அதற்கும் மேலே போகும். படுக்கும் நேரத்தில் போட்டால் மறுநாள் காலை தலை தூக்க முடியாமல் இருக்கும். இரவு 8 மணி வாக்கில் போட்டால் தூக்கமும் வரும், காலை மந்தமும் குறையும். வாய் உலர்வது, மலச்சிக்கல் எதிர்பார்க்க வேண்டியவை. கீமோவில் சிவப்பு மருந்து ஏற்றினார்களா? டாக்சோரூபிசின் என்ற அந்த மருந்து சிலருக்கு இதயத்தைப் பாதிக்கும். ஆகவே அமிட்ரிப்டைலின் தொடங்கும் முன் ஒரு இ.சி.ஜி. எடுக்கச் சொல்லிக் கேளுங்கள். கண் நீர் அழுத்தம் இருந்தால் அதையும் சொல்லிவிடுங்கள்.

கபாபென்டின் இரவு 100 அல்லது 300 மி.கி.யில் ஆரம்பித்து, சில நாட்களுக்கு ஒருமுறை கூட்டி, 300 வீதம் மூன்று வேளை, பிறகு தேவைக்கேற்ப 1,800 மி.கி. அளவுக்கும் போகும். பிரிகாபலின் 75 மி.கி. இரவில் தொடங்கி இரண்டு வேளை ஆகும். இரண்டும் ஒரே குடும்பம், இரண்டையும் சேர்த்துப் போடுவதில் பொருளில்லை. இரண்டும் சிறுநீரகம் வழியாகவே வெளியேறும், கிரியேட்டினின் கேட்டது அதனால்தான். சிறுநீரகம் பலவீனமாக இருந்தால் அளவைக் குறைக்க வேண்டும். வயிற்றெரிச்சலுக்கு ஜெல் மருந்து குடிப்பவர்கள் கபாபென்டினுக்கு 2 மணி நேர இடைவெளி விட வேண்டும், இல்லாவிட்டால் மருந்து சரியாக உடம்பில் சேராது. முதல் வாரம் தலைசுற்றும். கத்தரிக்கோலும் மெஷினும் கையாளும் உங்களுக்கு இது முக்கியம், முதல் மூன்று நான்கு நாள் வெட்டும் வேலையைத் தள்ளி வையுங்கள். பிரிகாபலினால் சிலருக்குக் கால் வீங்கும், எடை கூடும்.

இங்கேதான் சிகிச்சை அதிகமாகத் தோற்கிறது. தொடக்க அளவை ஒரு வாரம் போட்டு, "தூக்கம் மட்டும் வருது, வலி குறையல" என்று நிறுத்திவிடுகிறார்கள். தொடக்க அளவு என்பது உடம்பைப் பழக்குவதற்கு, வலியைக் குறைப்பதற்கு அல்ல. பலன் தரும் அளவை எட்டி அதில் 3 முதல் 4 வாரமாவது இருந்தால்தான் அந்த மருந்து வேலை செய்கிறதா இல்லையா என்று சொல்ல முடியும். இதற்கு மாறாக, நன்றாக இருக்கிறது என்று ஒரே நாளில் நிறுத்துவதும் தவறு. தூக்கமின்மை, படபடப்பு, வலி திரும்பப் பொங்குவது என்று வரும். ஏறியதைப் போலவே படிப்படியாக இறங்க வேண்டும்.

உங்கள் விஷயத்தில் டாக்டருக்குக் கட்டாயம் நினைவுபடுத்த வேண்டிய ஒன்று டமாக்சிஃபென். அது கல்லீரலில் ஒரு நொதியால் மாற்றப்பட்ட பிறகுதான் முழு வேகத்தில் வேலை செய்கிறது. ஃபுளுவாக்செடின், பராக்செடின் ஆகிய மனச்சோர்வு மருந்துகள் அந்த நொதியை வலுவாகத் தடுக்கும். நரம்பு வலிக்கு அடிக்கடி எழுதப்படும் டுலாக்செடினும் ஓரளவு தடுக்கும். எனவே டமாக்சிஃபென் சாப்பிடும் வரை இவற்றைத் தவிர்த்து, அந்த வகை மருந்து தேவைப்பட்டால் வென்லாஃபாக்சின் போன்றதைத் தேர்ந்தெடுப்பது வழக்கம். மாதவிடாய் நின்று, டமாக்சிஃபெனுக்குப் பதில் லெட்ரோசோல் மாத்திரைக்கு மாறியவர்களுக்கு இந்தச் சிக்கல் இல்லை. அந்த மாத்திரை கொடுக்கும் மூட்டு வலிக்கு டுலாக்செடின் உதவவும் செய்யும். உங்கள் ஊர் டாக்டர் வலிக்கு மருந்து எழுதும்போது டமாக்சிஃபென் அட்டையை மேசை மேல் வையுங்கள், வாயால் சொன்னால் மட்டும் போதாது.

மீத்தைல்கோபாலமின் பற்றி நிறையப் பேர் கேட்கிறார்கள். பி12 குறைவாக இருந்தால் அவசியம் எடுக்கலாம், வெட்டுப்பட்ட நரம்பை அது ஒட்டவைக்காது. டிரமடால் என்ற வலி மாத்திரையைக் கடையில் கேட்டு வாங்காதீர்கள், அமிட்ரிப்டைலின் மாதிரி மருந்துகளோடு சேர்ந்தால் ஆபத்தாகலாம். மார்ஃபின் இந்த வகை வலிக்கு முதல் மருந்து இல்லை.

பூசும் மருந்துகளை நம் ஊரில் குறைவாகவே பயன்படுத்துகிறார்கள், வலி ஒரு உள்ளங்கை அகலத்துக்குள் இருந்தால் அவை நல்ல தேர்வு. லிடோகெயின் 5 சதவீதப் பட்டை கிடைத்தால் 12 மணி நேரம் ஒட்டி, 12 மணி நேரம் எடுத்துவிட வேண்டும். காப்சைசின் கிரீம் மிளகாயின் காரத்திலிருந்து வருவது. ஒரு நாளைக்கு 3 அல்லது 4 முறை, மெல்லிய படலமாக. முதல் ஒரு வாரம், பத்து நாள் நன்றாகவே எரியும், பிறகுதான் அடங்கும். பலன் தெரிய 4 முதல் 6 வாரம். விட்டுவிட்டுப் பூசினால் எரிச்சல் மட்டும்தான் மிச்சம். பூசியதும் சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள், கண்ணைத் தொடாதீர்கள். கதிர்வீச்சால் தோல் உரிந்த இடத்திலோ புண்ணிலோ கூடாது.

மருந்தில் போதிய பலன் இல்லையென்றால் அடுத்த படி ஊசி. அல்ட்ராசவுண்டில் பார்த்துக்கொண்டே விலா எலும்பின் பக்கவாட்டில், தசைகளுக்கு இடையே, மரத்துப்போகும் மருந்தைச் செலுத்துவார்கள். தட்டினால் சுரீர் என்னும் புள்ளி இருந்தால் அங்கேயே மரப்பு மருந்தும் ஸ்டீராய்டும் கலந்து போடலாம். படுக்கை தேவையில்லை, பெரும்பாலும் அன்றே வீடு திரும்பலாம். பலன் சிலருக்கு நாட்கள், சிலருக்கு மாதங்கள். வலி தணிந்திருக்கும் அந்த இடைவெளியில் தோள் பயிற்சியைத் தீவிரமாகச் செய்துகொள்ள முடிவதுதான் இதில் பெரிய லாபம்.

பயிற்சியை இன்றே தொடங்கலாம். சுவரைப் பார்த்து ஓர் அடி தள்ளி நின்று, இடது கை விரல்களால் சுவரில் ஏறுங்கள். எட்டிய இடத்தில் 5 முதல் 10 நொடி நிறுத்தி மெதுவாக இறங்குங்கள். 10 முறை, காலை மாலை. முதல் நாள் எட்டிய உயரத்தில் பென்சில் கோடு போடுங்கள், வாரம் ஒருமுறை அந்தக் கோடு நகர்கிறதா என்று பார்த்தால் போதும். பிறகு பக்கவாட்டில் நின்று அதையே செய்யுங்கள். மல்லாந்து படுத்து, குடையையோ துடைப்பக் கம்பையோ இரண்டு கையாலும் பிடித்து, வலது கையின் பலத்தில் தலைக்கு மேல் கொண்டுபோவது அடுத்தது. கதவு நிலையில் முன்கையை வைத்து உடம்பை மெல்ல முன்னே சாய்த்தால் நெஞ்சுத் தசை நீளும், 20 முதல் 30 நொடி, 3 முறை. இழுபடுவது தெரியலாம், மூச்சைப் பிடித்துக்கொள்ளும்படி வலிக்கக் கூடாது. 10க்கு 4 இருந்த வலி 6 ஆகி மறுநாளும் அப்படியே இருந்தால் நேற்று அதிகம் செய்துவிட்டீர்கள், பாதியாகக் குறையுங்கள். ஒரேயடியாக நிறுத்தினால் தோள் மறுபடி இறுகும்.

தழும்புக்குத் தேங்காய் எண்ணெய் ஒரு சொட்டு போதும். இரண்டு விரலை வைத்து, தோல் மேல் வழுக்காமல், தோலையே அடியில் உள்ள சதையின் மேல் வட்டமாக நகர்த்துங்கள். 5 நிமிடம், தினம் இரண்டு முறை. எண்ணெய் கூடினால் விரல் வழுக்கும், தழும்பு நகராது. துணி உரசினால் எரிவதற்குத் தனிப் பயிற்சி உண்டு. எரியாத ஓரத்தில் தொடங்கி, எரியும் இடத்தை நோக்கிப் பஞ்சால் வருடுங்கள். ஒரு நாளைக்கு 3, 4 முறை, 5 நிமிடம். அது பழகியதும் பட்டு, அப்புறம் பழைய பருத்தி, கடைசியில் துண்டு. உங்கள் வீட்டில் வெட்டுத் துணிக்குப் பஞ்சமிருக்காது. மூளை "இது ஆபத்தில்லை" என்று பழகச் சில வாரங்கள் ஆகும்.

பிளவுஸ் விஷயத்தை எனக்கு மேல் நீங்களே அறிவீர்கள். இடது அக்குள் வளைவை அரை அங்குலம், ஓர் அங்குலம் இறக்கி வெட்டி, தையல் மடிப்பை வெளிப்பக்கமாக வைத்துப் பாருங்கள். பக்கத் தையல் சரியாக நரம்பின் பாதையில்தான் விழுகிறது, அதை முன்னே ஓர் அங்குலம் நகர்த்தினாலே வித்தியாசம் தெரியும். உள்ளே செயற்கை மார்பு வைத்திருந்தால், கனமான சிலிக்கானுக்குப் பதில் பின்னிய பருத்தியில் செய்ததைச் சில வாரம் முயலுங்கள். மெஷினில் 30 நிமிடத்துக்கு ஒருமுறை எழுந்து தோளைப் பின்னுக்குச் சுழற்றுங்கள். இரவில் வலது பக்கம் படுத்து, இடது கையை முன்னால் ஒரு தலையணை மேல் வைத்தால் அக்குள் திறந்திருக்கும்.

யாரைப் பார்ப்பது என்று கேட்டீர்கள். முதலில் ஆபரேஷன் செய்த அதே மருத்துவமனை. அவரிடம் வலியைச் சொல்வது குறை சொல்வதாகாது, அவர் செய்த சிகிச்சையின் மிச்சத்தைக் காட்டுவதுதான். ஆனால் நெரிசலான ஓ.பி.யில் இரண்டு நிமிடம்தான் கிடைக்கும். "இன்னும் வலிக்குது டாக்டர்" என்றால் ஸ்கேனைப் பார்த்துப் பதில் வந்துவிடும். இப்படிச் சொல்லிப் பாருங்கள்: "சார், ஸ்கேன் நல்லா இருக்கு, அது சந்தோஷம். ஆனா 16 மாசமா அக்குள்லயும் உள்கையிலயும் எரியுது, துணி பட்டா தாங்கல. பத்துக்கு ஏழு இருக்கு. ராத்திரி மூணு தடவை முழிச்சுக்கறேன். தையல் வேலை பாதியா குறைஞ்சுபோச்சு. நரம்பு வலியான்னு பாருங்க, இல்லைன்னா வலி சிகிச்சைப் பிரிவுக்கும் பிசியோவுக்கும் எழுதிக் குடுங்க." இடம், காலம், தன்மை, அளவு, எந்த வேலை கெட்டது, என்ன வேண்டும் என்று எல்லாம் இதில் வந்துவிடுகிறது. கடைசி வரியை விட்டுவிடாதீர்கள், கேட்டால்தான் எழுதித் தருவார்கள். இடத்தைக் காட்டக் கூச்சமாக இருந்தால் நர்ஸ் ஒருவரை உடன் இருக்கச் சொல்லுங்கள், அது உங்கள் உரிமை.

போவதற்கு முன் ஒரு வாரம், காலை, மதியம், இரவு என்று வலிக்கு 0 முதல் 10 வரை மதிப்பெண் போட்டு ஒரே தாளில் எழுதுங்கள். எரியும் இடத்தின் எல்லையைத் தோலில் பேனாவால் வரைந்து, துணிக்கு வெளியே தெரியும் பகுதியையாவது ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். டிஸ்சார்ஜ் சம்மரி, பயாப்சி ரிசல்ட், கீமோ விவரம், கதிர்வீச்சு அட்டை, சாப்பிடும் எல்லா மாத்திரை அட்டைகளும் ஒரே ஃபைலில் இருக்கட்டும். கடையில் வாங்கியதை மறைக்காதீர்கள்.

அங்கே வலிப் பிரிவு இல்லையென்றால், அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் மயக்கவியல் துறையில் விசாரியுங்கள். மயக்க மருந்து கொடுப்பவர்கள்தான் பல இடங்களில் வலி சிகிச்சையையும் பார்க்கிறார்கள். உங்களுக்கு மதுரை அரசு இராசாசி மருத்துவமனை பக்கம். இன்னும் பெரிய மையம் வேண்டுமென்றால் 1954இல் தொடங்கிய சென்னை அடையாறு புற்றுநோய் நிலையம், வேலூர் சி.எம்.சி., புதுச்சேரி ஜிப்மர். வழி தெரியாவிட்டால் அரசின் சுகாதார உதவி எண் 104க்கு அழைத்துக் கேட்கலாம். சில இடங்களில் உங்களை அனுப்பும் அறையின் பலகையில் "ஆதரவு சிகிச்சை" அல்லது "பேலியேட்டிவ் கேர்" என்று இருக்கும். கடைசி காலத்தில் போகும் இடம் என்று யாராவது சொன்னால் கேட்டுத் திரும்பி வந்துவிடாதீர்கள். நோய் குணமானவர்களின் வலிக்கும் அங்கே மருந்து கொடுக்கிறார்கள். பயணம் முடியாதபோது 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் பிசியோதெரபி வீட்டுக்கே வரும். உங்கள் ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயரைப் பதிந்துவிடுங்கள்.

நோய் திரும்புமோ என்ற பயம் இரவில் வலியைக் கூட்டும் என்பது உண்மை. அதற்காக வலி மனதில்தான் இருக்கிறது என்று ஆகாது. பயமே தூக்கத்தைக் கெடுத்தால் டெலி மானஸ் என்ற அரசின் மனநல உதவி எண் 14416இல் தமிழிலேயே பேசலாம், கட்டணமில்லை.

எவ்வளவு எதிர்பார்க்கலாம்? முழுதாகப் போவது சிலருக்குத்தான். 7 என்று இருப்பது 4 ஆனால், இரவில் முழிப்பு நின்றால், சிகிச்சை வேலை செய்கிறது என்றே கொள்ள வேண்டும். முதல் மருந்து தொடங்கி 2 வாரத்தில் பக்கவிளைவுக்காக ஒருமுறை, 6 வாரத்தில் பலனுக்காக ஒருமுறை டாக்டரைப் பாருங்கள். 6 வாரத்தில் மூன்றில் ஒரு பங்குகூடக் குறையவில்லை என்றால் அதே சீட்டைப் புதுப்பித்துக்கொண்டு திரும்பாமல், மருந்தை மாற்றலாமா, இரண்டாவது ஒன்றைச் சேர்க்கலாமா, ஊசி போடலாமா என்று இந்த மூன்றையும் கேட்டுவிட்டு வாருங்கள்.